இரண்டு நிமிடம் யாரும் அசையக் கூடாது

குடோனில் அட்டியாக அடுக்கியிருந்த சர்க்கரை மூட்டைகள் சரிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. அடியில் அவள் தம்பி. எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரே வழி அவள் கையில் இருந்தது: சோதனைக்குக் கொண்டுவந்திருந்த ஆன்டெனாவும் திரையும். அவை தேடுவது, தொழிலாளர் சட்டைகளில் போன மாதம் அவள் கம்பெனி தைத்த, ஆளுக்கொரு எண் கொண்ட டேக்கை. பேட்டரி கிடையாது. ஊரெங்கும் பரவிக் கிடக்கும் டி.வி. கோபுரத்து அலையை ஒரு கணம் திருப்பி அனுப்பும், மறுகணம் விழுங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் அதன் பேச்சு. சந்தை இரைச்சலில் கொசுவின் ரீங்காரம் மாதிரி. ஆயிரக்கணக்கான தடவை அளந்து சராசரி எடுத்தால்தான் இரைச்சல் அடங்கி டேக் மிஞ்சும்.

பக்கத்தில் ஆள் நடந்தாலே அலை கலைந்துவிடும். அங்கே டேக் சட்டையை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு இருபது பேர் மூட்டை புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரியிடம் ஓடினாள். எல்லோரும் இரண்டு நிமிடம் சிலையாக நிற்க வேண்டும் என்றாள்.

“உள்ள உயிர் ஊசலாடுது, கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? உன் தம்பிதானேம்மா?”

“அதனாலதாண்ணே கேக்குறேன்.”

சும்மா நிற்காதே என்று முப்பது வருஷம் கத்திய வாயால் நிற்கச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தபடி மேஸ்திரி கையைத் தூக்கினார். நின்றார்கள். ஒருவன் இருமலை விழுங்கினான்.

ஆன்டெனாவை மேற்குச் சுவருக்குத் திருப்பினாள். திரையில் ஒரே மேடு, வெறும் இரைச்சல். நடுவிலும் அதே. கிழக்குத் தூண் பக்கம் மேடு மெல்லப் பிளந்து இரண்டானது: திருப்பிய அலைக்கு ஒன்று, விழுங்கிய அலைக்கு ஒன்று.

டேக்! எண்ணைப் படித்தாள். பன்னிரண்டு.

தம்பியுடையது ஏழு.

பன்னிரண்டு, லாரி டிரைவர் நெட்டையன். சாப்பிடப் போயிருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தவன். ஏழு எங்கேயும் இல்லை. அந்த டேக் கசங்கிப் போயிருக்கலாம். டேக் இடத்தைத்தான் சொல்லும். உயிர் இருக்கிறதா என்று சொல்லாது.

திரையைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஏழு கிடைக்கும்வரை வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

“எங்கேம்மா?” என்றார் மேஸ்திரி.

“கிழக்குத் தூண்கிட்ட. ஆனா தம்பி இல்லண்ணே. நெட்டையன்.”

அவர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஆட்களைத் தூண் பக்கம் விரட்டினார்.

ஒன்பதாவது மூட்டைக்குக் கீழே சர்க்கரை அப்பிய முகம் தெரிந்தது. நெட்டையன் மூச்சை இழுத்தான். பேச்சு திக்கித் திக்கி வந்தது.

“சீக்கிரம்... பையன் என் காலைப் பிடிச்சிருந்தான். இப்பத்தான் விட்டான்.”

அவள் ஆன்டெனாவை வீசிவிட்டு, வெறும் கையால் அடுத்த மூட்டையை இழுத்தாள்.