மாமியார் சொல்லாத குறை

லென்ஸ்களைச் சோதித்துப் பார்க்க வைத்திருந்த அந்தப் பழைய நாணயத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தது அண்ணிதான். எந்த லென்ஸைக் கொண்டுவந்து அதன்முன் நிறுத்தினாலும் ஏதாவது ஒரு குறை வெளியே வந்துவிடும். ஓரத்தில் மங்கல், எழுத்தைச் சுற்றி ஊதா நிறம், நடுவில் மட்டும் தெளிவு, இப்படி. "கல்யாணமே வேணாம்னு இருந்தவ, மாமியாரை மட்டும் தேடிப் பிடிச்சுக்கிட்டா" என்று அண்ணி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கேலிக்கு ஆளான நாத்தனாரும் கூடச் சிரித்துவிட்டுக் குறிப்பேட்டில் 'மாமியார், நான்கு மடங்கு, இடது ஓரம் சுமார்' என்று எழுதிக்கொள்வாள். வயது நாற்பத்திரண்டு. இந்தக் கேலிக்கெல்லாம் முகம் வாடுகிற காலத்தை அவள் எப்போதோ தாண்டியாயிற்று.

முன்னறையில் அண்ணனின் பழைய நாணயக் கடை, பின்னறையில் விலைப்பட்டியலுக்காக நாணயங்களைப் படமெடுக்கும் அவளுடைய மேசை. அதற்கு முன் பதினாறு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தபடி இருந்தவள். கூடம் கைமாறி ஆட்களைக் குறைத்தபோது வேறு இடங்களில் கூப்பிடாமல் இல்லை. அண்ணன் வந்து, "கடைக்கு ஒரு நல்ல கண்ணு வேணும், நீ வந்துடு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே வந்தாள். அதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

இந்த வாரம் மூன்று லென்ஸ்களுக்குள் போட்டி. ஒன்று, சின்னப் பொருள்களைக் கிட்டத்தில் எடுக்கக் கேமராக் கம்பெனியே விற்கிற மேக்ரோ லென்ஸ். இரண்டாவது, மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றிலிருந்து வந்த என்லார்ஜர் லென்ஸ். இருட்டறையில் படங்களைப் பெரிதாக்கிக்கொண்டிருந்த அதை, முன்பின்னாகத் திருப்பி, கேமராவின் முன்னால் நீட்டிச் சுருக்குகிற துருத்தியில் மாட்டியிருந்தாள். மூன்றாவது மைக்ராஸ்கோப் லென்ஸ், அவளுடைய செல்லம். சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். நாணயத்தை முத்தமிடாத குறையாக அருகில் போய் நிற்கும். எந்த லென்ஸானாலும் இம்மி இம்மியாகக் கீழே இறக்கி எண்பது படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் முழுத் தெளிவோடு ஒரு படம் தேறும். எழுபதாவது படத்தில் தெருவில் லாரி போய் மேசை அதிர்ந்தால் தலையெழுத்தே என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முடிவு நேற்றே வந்துவிட்டது. மாமியார் நாணயத்தில் இருந்த ராணியின் தலைமுடியை இழை இழையாகப் பிரித்துக் காட்டியதில் மைக்ராஸ்கோப் லென்ஸ் முதலிடம். என்லார்ஜர் லென்ஸ் மயிரிழையில் இரண்டாமிடம். மேக்ரோ லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

அந்த மைக்ராஸ்கோப் லென்ஸில் போன மாதமே எடுத்த படம்தான் கடையின் புதிய விலைப்பட்டியலுக்கு அட்டைப்படம். வேறொரு வெள்ளி நாணயம். அதில் பொறித்த ஆண்டின் கடைசி இலக்கமான எட்டு, இரண்டு எட்டாகத் தெரிந்தது. நாணயம் அடிக்கிற அச்சைச் செதுக்கும்போதே இரட்டையாகிவிட்ட அபூர்வம் அது என்று சொன்னவள் அவள்தான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தான். ஒன்பது வருடமாக அந்த நாணயத்தைத் தேடிக்கொண்டிருந்த பல் டாக்டர், பட்டியல் கையில் கிடைத்த அன்றே தனக்கென்று சொல்லி வைத்துவிட்டார். இன்று பதினோரு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அண்ணன் காலையிலேயே தேய்த்த சட்டையோடு, போன வாரம் வாங்கிய புதுக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். டாக்டர் முன்னால் இளமையாகத் தெரியவேண்டுமாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு அவளுக்கு ஓர் ஆசை வந்தது. நாணயம் போய்விட்டால் இனி பார்க்கக் கிடைக்காது. இரண்டாமிடத்துக் கிழவனையும் ஒரு முறை பார்க்கச் சொல்லலாமே என்று என்லார்ஜர் லென்ஸை மாட்டினாள். அது நாணயத்திலிருந்து நான்கு விரல் தள்ளி நின்றது. அவ்வளவு இடம் கிடைத்ததும் விளக்கை உயரத் தூக்கி, வெள்ளைத் தாள் வழியாக மேலிருந்து ஒளி விழும்படி வைத்தாள். லாரி எதுவும் வரவில்லை. அடுக்கி முடித்த படம் திரையில் விரிந்தது.

இரண்டாவது எட்டைக் காணோம். அந்த இடத்தில், முதல் எட்டின் ஓரமாகவே, தட்டையாக நசுங்கிய ஒரு படி கண்ணாடிச் சில்லுபோல் பளபளத்தது. அச்சிலேயே இரட்டை என்றால் இரண்டாவதும் உருண்டு திரண்டு நிற்கும். இது நாணயத்தில் அடி விழுந்த நொடியில் அச்சு நழுவியதால் வந்த நசுங்கல். ஆயிரம் நாணயத்தில் நூறுக்கு இது இருக்கும், யாரும் சீந்தமாட்டார்கள். மைக்ராஸ்கோப் லென்ஸ் அவ்வளவு நெருங்கி நின்றதில் விளக்கொளி பக்கவாட்டில்தான் ஊர்ந்து வர முடிந்திருக்கிறது. அந்தத் தாழ்ந்த ஒளியில் படியின் விளிம்பு மின்னி, மேற்பரப்பு இருண்டு, தட்டையானது திரட்சியாகத் தெரிந்திருக்கிறது. லென்ஸ் பொய் சொல்லவில்லை. கூர்மை, கூர்மை என்று அதையே அளந்துகொண்டிருந்தவள், வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மாமியாரும் சொல்லவில்லை. அந்த நாணயத்தில் இப்படி ஒரு நசுங்கல் ஏது?

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அதை மறைப்பானேன்? டாக்டரிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது, பார்த்துத்தானே வாங்குகிறார். ஆனால் அவர் பார்க்கப்போவது அவளுடைய அட்டைப்படத்தை நம்பிய கண்ணால். விற்ற பிறகு தெரிந்தால் கடையின் பெயர் கெடும். இப்போதே சொன்னால் அண்ணனின் கடைக்கு இனி அவள் எதற்கு? நல்ல கண் வேண்டும் என்றுதானே கூப்பிட்டான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒருநாளும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

டாக்டர் பத்தரைக்கே வந்துவிட்டார். வாயெல்லாம் பல்லாக அண்ணன் வரவேற்கும் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். அட்டைப்படத்தை மட்டும் தனியாகக் கத்தரித்து உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார் மனிதர். அதைப் பார்த்த பிறகு அவளால் பின்னறையில் நிற்க முடியவில்லை.

"டாக்டர், வாங்கறதுக்கு முன்னாடி உள்ள வந்து ஒரு படம் பாத்துடுங்க" என்றாள். "அண்ணா, நீயும் வா."

இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பூசி மெழுகாமல், விளக்கு எங்கே இருந்தது, தான் எங்கே ஏமாந்தோம் என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். எக்ஸ்ரேயில் சொத்தை மாதிரி ஒரு நிழல் தெரியும், வாயைத் திறந்து பார்த்தால் பல் கல்லுபோல இருக்கும், தனக்கும் இது நடந்திருக்கிறது என்றார். ஒன்பது வருடம் காத்திருந்தவருக்கு இன்னும் கொஞ்சம் காத்திருப்பது பெரிய காரியமில்லையாம். ஆனால் உறையை எடுத்துப் பைக்குள் வைக்கும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது. அடுத்த முறை ஏதாவது வந்தால் இரண்டு படமும் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். துடைக்கத் தேவையே இல்லாத கண்ணாடி.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே என் பூதக்கண்ணாடியில பாத்தேன்" என்றான். "எனக்குத் தட்டையாத்தான் தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ ரெண்டு எட்டுன்னு சொல்லிட்டியே. என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கண் டாக்டர்கிட்ட போய் இதை மாத்திக்கிட்டு வந்தேன்."

சொந்தக் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறான், அவளைச் சந்தேகப்படவில்லை.

அவன் அந்த நாணயத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "பழைய மாமியாருக்கு வயசாயிடுச்சு. இனிமே எந்த லென்ஸ் வந்தாலும் இவகிட்ட காட்டு" என்றான். பிறகு பழைய கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று அண்ணியைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனான்.

அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். மூன்று லென்ஸ்களும் வரிசையாக இருந்தன. மைக்ராஸ்கோப் லென்ஸின் பெயருக்கு எதிரில் இருந்த 'முதலிடம்' என்பதை அடித்தாள். மூன்றுக்கும் கீழே நான்காவதாக எழுதினாள்: 'அண்ணனின் பூதக்கண்ணாடி. பத்து மடங்கு. கையில் பிடித்து, மேலே எரியும் குழல்விளக்கு வெளிச்சத்தில். முதலில் சரியாகப் பார்த்தது இதுதான்.'