திட்டி வளர்த்த கத்திரிச்செடி

முல்லா வீதியில் சந்திரகலா குடியிருக்கும் மாடி வீட்டுப் பால்கனியில் ஒரு ஆள் நிற்க வேண்டுமென்றால் இன்னொரு ஆள் உள்ளே போய்விட வேண்டும். அந்த இடத்தில்தான், மகளிர் குழு கொடுத்த பையில் ஒரு கத்திரிச்செடி வெட்கமே இல்லாமல் காய்த்துத் தள்ளியிருந்தது.

அவளுக்கு அதுவே தலைவலி. போன தடவை மிளகாய் காய்த்தபோது யாரோ "அடேயப்பா, எவ்ளோ காய்" என்று வாயைப் பிளந்தார்கள். அந்த வாரமே மாவுப்பூச்சி வந்து செடி பட்டுப்போனது. பூச்சிக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் கேட்டுத் தப்பித்தவர் யாரும் இல்லை. அன்றிலிருந்து குழுவில் ஒரே சட்டம், சந்திரகலாவின் செடியை யார் பார்த்தாலும் திட்ட வேண்டும்.

தோட்டப் பயிற்சி கொடுக்கும் அபி அன்றைக்குக் குழுப் பெண்கள் இரண்டு பேரோடு செடிகளைப் பார்க்க வந்தாள். அவள் பால்கனியில் நிற்க, மற்றவர்கள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். கள்ளங்கபடமில்லாத பெண், சொன்னதை அப்படியே நம்பிவிடுவாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சந்திரகலா முந்திக்கொண்டாள்.

"இது ஒண்ணுத்துக்கும் ஒதவாது மேடம். எல்லாம் சொத்த."

"புழு நெளியுது மேடம்," என்றாள் எதிர்வீட்டு மாலா, கடமை தவறாமல். "நேத்து நறுக்கிட்டு ராத்திரி சோறே எறங்கல எனக்கு."

அபியின் முகம் வாடியது. "அப்ப காய்ப்புழுதான்க்கா. எல்லார் வீட்டுக்கும் பரவிடும். பிடுங்கிடலாம்." சொல்லிக்கொண்டே செடியின் அடித்தண்டைப் பிடித்தாள்.

சந்திரகலாவுக்கு உயிரே போய்விட்டது. நல்ல செடி என்று சொன்னால் கண்பட்டுச் சாகும், சொல்லாவிட்டால் இப்போதே சாகும். அபியின் கையைப் பிடித்துக்கொண்டு "நல்ல..." என்று ஆரம்பித்தாள். மிச்சம் வருவதற்குள் மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழுத் தலைவி ஜஹபர் நிஷாவுக்குப் பொறுக்கவில்லை. "மாஷா அல்லாஹ், அருமையான காய் மேடம். கண்ணு பட்டுடும்னு பொய் சொல்றாளுவ."

"நிஷாக்கா, இப்டி சொல்லிட்டியே," என்று பதறினாள் சந்திரகலா.

"மாஷா அல்லாஹ்னு சொல்லிட்டுதானே சொன்னேன். அதச் சொல்லிட்டா கண்ணு படாது. எங்க வூட்ல எதப் புகழ்ந்தாலும் அப்டித்தான்."

அபி இன்னும் தண்டை விடவில்லை. "நீங்களே சொல்லுங்கக்கா. காய் நல்லாருக்கா?"

"மாஷா அல்லாஹ்," என்றாள் சந்திரகலா, எதற்கும் முதலிலேயே இருக்கட்டும் என்று. "நல்லாருக்கு மேடம்."

செடி அப்படியே இருந்தது. அபி கையை எடுத்துவிட்டாள்.

அடைத்து வைத்த வாய் திறந்தால் லேசில் மூடுமா? காய் வெண்ணெய் மாதிரி வேகுது, மாஷா அல்லாஹ். மாலா வூட்டுக் கீரைக்கு ஈடே இல்ல, மாஷா அல்லாஹ். அவள் பேசிக்கொண்டே போக, சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலை முடித்து அவள் புருஷன் தமிழ்மாறன் படியேறி வந்து வாசலில் நின்றார். கல்யாணமான நாளாக, எதற்கும் லாயக்கில்லாத ஆள் என்பதைத் தவிர அவள் அவரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

"எங்க வூட்டுக்காரரும் தங்கமான மனுசன் மேடம், மாஷா அல்லாஹ்."

தமிழ்மாறன் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார். இத்தனை வருஷமும் அவள் தன்னைக் கண்படாமல் காப்பாற்றி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. புகை பட்டுவிட்டது என்று சமாளிக்க அங்கே அடுப்புகூட எரியவில்லை.