ஜல்திக்கு ஒரு பேனர்

கந்தசாமி காலை ஆறு மணிக்குச் செத்துப்போனான். எட்டு மணிக்குள் அவனுக்கு யார் பேனர் வைப்பது என்று முடிவாகிவிட்டது. நெசவாளர் சங்க இயக்குநர் ராஜவேலு வைப்பார். அதில் என்ன எழுதுவது என்பதில்தான் ஜெயவேலுக்குப் பேஜார்.

கந்தசாமி என்றால் ஆரணியில் பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. ஜல்தி என்றால் கண்ணமங்கலம் வரைக்கும் தெரியும். மற்றவர்கள் பன்னிரண்டு நாளில் நெய்து முடிக்கிற சேலைக்கு இருபத்தைந்து நாள் எடுத்துக்கொள்பவனுக்கு, ஜெயவேல் வைத்த பேர் அது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கந்தசாமி, ஜெயவேல், ராஜவேலு மூன்று பேரும் ஒரு பாஷையே உண்டாக்கி வைத்திருந்தார்கள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவதுபோல ஒருத்தனைப் புகழ்ந்து விறைப்பாக்கினால் அது 'கஞ்சி'. பெண்டாட்டியிடம் வாங்குகிற திட்டு 'போனஸ்'. 1998இல் சங்கத் தேர்தலில் ஜெயித்ததும் ராஜவேலு அவனிலிருந்து அவரானார். பெஞ்சுக்கு வருவது நின்றது. பழைய சொற்களில் முதலில் அவருக்கு மறந்துபோனது 'கஞ்சி'தான்.

போன வாரம் வேலூர் ஆஸ்பத்திரியில் கந்தசாமி ஜெயவேலிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான்.

"மாலை மேளம்லாம் வோணாம் மச்சான். நம்ம பெஞ்சு ஆளுங்க ஒருத்தன் பாக்கியில்லாம வந்து பாத்துட்டுப் போவணும். அத்த மட்டும் நீ பாத்துக்க."

பேனர் அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் காவ்யா உட்கார்ந்திருந்தாள். "பேருக்குப் பக்கத்துல ஜல்தின்னு போடும்மா" என்றான் ஜெயவேல்.

ராஜவேலு கண்ணாடியைக் கழற்றினார். "சாவு பேனர்டா இது. கீழ சங்கத்துப் பேரு இருக்குது. பாக்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டுங்க. சிரிச்சிகினாவது வந்து சேருவானுங்க இல்ல?"

அடுத்த மாதம் ஜெயவேல் தறி உட்பட எந்தெந்தத் தறிக்குப் பாவு கொடுப்பது என்ற பட்டியல் ராஜவேலுவின் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றான் ஜெயவேல்.

'நெசவுலகின் விடிவெள்ளி, பண்பின் சிகரம், அமரர் திரு. கந்தசாமி' என்று எழுத்து கோக்கப்பட்டது. ஆயுசுக்கும் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடாதவனின் தலையைப் பழைய படம் ஒன்றிலிருந்து வெட்டி, கோட்டு சூட்டுப் போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் ஒட்டினாள் காவ்யா.

"கழுத்து பத்தலண்ணா. டை போட்டு மறைச்சிட்டேன்."

பக்கத்தில், செத்தவனைவிட இரண்டு மடங்கு பெரிதாக ராஜவேலு கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பிறந்தநாள் பேனருக்கு எடுத்த படம் அது.

மதியம் ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பேனர் ஏறியது. பேனர் இருக்கிறதே என்று ஜெயவேலும் யார் வீட்டுக்கும் போய்ச் சொல்லவில்லை. நாலு மணிக்குப் பாடை எடுத்தபோது பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஏழு பேர் சங்கத்து ஆட்கள்; போட்டோ எடுத்ததும் கிளம்பிவிட்டார்கள். கந்தசாமி பெண்டாட்டி காசியம்மாள் அழுகையை நிறுத்தி, "அந்த டீக்கடை ஜனம்லாம் எங்கண்ணா?" என்றாள். ஜெயவேல் பாடையின் முடிச்சைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணமங்கலத்துத் தனகோடி எதிர்ப்பட்டான். சேலை எடுத்துப்போக வாரம் இரண்டு முறை வருபவன். வந்தால் ஒரு மணி நேரம் ஜல்தியோடு பெஞ்சில்தான்.

"ஜல்தி எப்டிகீறான்? ஞாயித்துக்கெழம வேலூர் போலாமா?"

ஜெயவேல் பேனரைக் காட்டினான்.

தனகோடி அண்ணாந்து கோட்டைப் பார்த்தான், டையைப் பார்த்தான். முகத்துக்கு வந்து சேர அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நேத்து மூணு மணிக்கு வெயிலுக்கு இதுக்கு அடியிலதான் நின்னுகினு இருந்தேன்" என்றான். "படிச்சேன். எவனோ பெரிய மனுசன்னு பஸ் ஏறிட்டேன். நீ எழுதுனதா இது?"

"நான் பக்கத்துல இருந்தேன்" என்றான் ஜெயவேல்.