முதுகு காட்டி நின்ற இராசமலர்

தஞ்சோங் மெலூர் கடற்கரைக் கிராமத்தைச் சுற்றியிருந்த தகரத் தடுப்புகளை அகற்றிய காலையில், கட்டுமுன் வரைந்து காட்டிய மாதிரிப் படத்தில் அழகுக்காக ஒட்டப்பட்டிருந்த ஆட்களும் அங்கே வந்து நின்றிருந்தார்கள். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில், பார்வையாளர்களுக்காகக் கட்டிய பூங்கா அது. மீனவர் எவரும் அங்கே வாழ்ந்ததில்லை. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்த கட்டடக் கலைஞர், தூண்கள்மேல் நிற்கும் மரவீடுகளையும், மணலில் கவிழ்த்துப் போட்ட படகுகளையும், கடலை நோக்கிப் படிப்படியாக இறங்கும் தோட்டங்களையும் வரைந்து பரிசு வாங்கியிருந்தார். வரைந்தது வரைந்தபடி வந்தது. தாழம்புதர் வந்தது, காகிதப்பூக் கொடி வந்தது, கூடவே தாய்ச்சி உடற்பயிற்சி செய்யும் சீன முதியவரும், சைக்கிள் ஓட்டும் மலாய் இளைஞரும், நாய்க்குட்டியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும், ஈழத்தலரி மரத்தடியில் பச்சைப் புடவை கட்டிய இந்தியப் பெண் ஒருவரும் வந்தார்கள். போலீஸ் வந்து பார்த்தது. மழை அவர்களை நனைக்கவில்லை, கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. கட்டி முடித்த ஓராண்டுக்குள் தென்படும் குறைகளை ஒப்பந்ததாரர் சரிசெய்து தர வேண்டும் என்பது வழக்கம் என்பதால், இவர்கள் குறையா என்ற பேச்சு எழுந்தது. படத்தில் உள்ளபடி இருப்பதால் குறையில்லை என்று முடிவாயிற்று. நுழைவு இலவசம். வாசல் கடையில் கோப்பி இரண்டு வெள்ளி எண்பது காசு.

ஆங் மோ கியோவிலிருந்து குடியிருப்பாளர் குழு ஏற்பாடு செய்த சுற்றுலாப் பேருந்தில், பிரியாணிப் பொட்டலத்தோடு, சிவசுப்பிரமணியம் முதன்முறையாக அங்கே போனார். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இராசமலர் போன பிறகு வீட்டைவிட்டு அதிகம் வெளியேறாதவர். மகள் தாரகாதான் வற்புறுத்தி அனுப்பினாள். ஈழத்தலரி மரத்தடியில் நின்ற பெண்ணின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. பைக்கு இரண்டு காதுகள். ஒன்றை அந்தப் பெண் பிடித்திருந்தார். மற்றொன்றை மூன்று விரல்கள் பிடித்திருந்தன. அந்த விரல்களுக்குக் கையும் இல்லை, ஆளும் இல்லை. சிவசுப்பிரமணியம் முதலில் அடையாளம் கண்டது அந்த விரல்களைத்தான். மோதிர விரலில் செம்பு வளையம், பக்கத்து விரலில் கோப்புக் கவ்வியில் சிக்கிப் பிளந்த நகம். தேக்கா சந்தையில் கூட்டம் நெரியும்போது மனைவி தொலைந்துவிடக் கூடாதென்று பையின் ஒரு காதை அவர் பிடித்துக்கொள்வது வழக்கம். தன் விரல்களைக் கண்ட பிறகே அவர் நிமிர்ந்து, அந்தக் கொண்டையையும் கழுத்து மச்சத்தையும் பார்த்தார்.

இராசமலர் கிருமித்தொற்றுக் காலத்தில் இறந்தவர். தானே நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறினார். மூச்சு வாங்கியதால் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவமனைக்குள் யாரையும் விடவில்லை. சவப்பெட்டியைத் திறக்கவும் அனுமதியில்லை. ஆகவே சிவசுப்பிரமணியத்திடம் மனைவியைப் பற்றி மிச்சமிருந்த கடைசிக் காட்சி ஒரு முதுகு. இப்போது அதே முதுகு தோட்டத்தில் நின்றது. அவர் மரத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். அங்கேயும் முதுகுதான். கடல் பக்கம் போய் நின்றால் முதுகு, படகுகளுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் முதுகு. ஒரே ஒரு முறை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அதன்பின் அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஞாயிறுதோறும் போனார். முதல் ஆண்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் ஆண்டில் மல்லிகைச் சரம் வாங்கிப்போய்க் காலடியில் வைத்தார். துப்புரவாளர்கள் மாலையில் கூட்டி எடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில் சும்மா நின்றார்.

"அது அம்மா இல்லப்பா, யாரோ வெட்டி ஒட்டுன படம்" என்றாள் தாரகா.

"ஒட்டுனது யாரோ. நிக்கிறது உங்கம்மா" என்றார் அவர்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே பேச்சுத்துணை ஆரிஃப். படத்தில் மலாய்க்காரராக ஒட்டப்பட்டுச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். உண்மையில் கடையநல்லூர்த் தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். தன்னைத் தானே பார்த்துப்போக எப்போதாவது வருவார். "பாருங்க அங்கிள், அப்போ எவ்வளவு முடி எனக்கு. வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். இவரை நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க இங்க நின்னு சைக்கிள் ஓட்டுங்கன்றா." சிவசுப்பிரமணியம் அன்று சிரித்தார். பிறகு அவர் சிரித்ததாக யாரும் சொல்லவில்லை.

தோட்டத்தைப் புதுப்பிக்கப்போகிறார்கள், அதற்குப் புதிய படம் வரையப்படுகிறது என்ற செய்தி வந்தது. படத்தில் இல்லாதது நிலத்தில் இருக்காது என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிவசுப்பிரமணியம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, படம் வரைந்த அலுவலகத்துக்குப் போனார். மயூரன் என்ற இளைஞன்தான் ஆட்களை ஒட்டியவன். வந்தவர் யாருடைய கணவர் என்று தெரிந்ததும் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"சாரி அங்கிள். நாலு இனமும் படத்துல இருக்கணும்னு கிளையன்ட் சொன்னாங்க. இந்தியன் மட்டும் இல்ல. போன்ல தேக்காவுல எடுத்த போட்டோ ஒண்ணு இருந்துச்சு, ஆன்ட்டியை மட்டும் வெட்டி எடுத்துட்டேன்."

"நானும் பக்கத்துலதானே நின்னேன் தம்பி. ரெண்டு பேரையும் போட்டிருக்கலாமே."

"ஒரு இனத்துக்கு ஒருத்தர் போதும்னாங்க அங்கிள்."

அவர் அதற்குமேல் கோபப்படவில்லை. புதுப் படத்தில் இராசமலரை முகம் தெரியும்படி வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான் மயூரன். பழைய போட்டோவில் இருந்தது முதுகு மட்டும்தான், முகத்துக்கு வேறு படம் வேண்டும். தனியாக இருக்கும் படமாக இருந்தால் நல்லது, பக்கத்தில் ஆள் இருந்தால் வெட்டும்போது ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்றான். சிவசுப்பிரமணியம் எழுத்தர் வேலையில் ஒரு வரி பிசகவிடாதவர். மூன்று ஆண்டுகளாக அந்த மூன்று விரல்களைக் காட்டி வருவோர் போவோரெல்லாம் சிரிப்பதைப் பார்த்து நொந்தவர். "ஆமா, இந்தத் தடவை சுத்தமா இருக்கட்டும். அந்த விரலையும் எடுத்துடுங்க" என்று அவரே சொன்னார்.

வீட்டில் ஆல்பங்களைத் திறந்து தாரகாவும் அவரும் தேடினார்கள். இராசமலர் சிரிக்கும் படம் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய தோள் இருந்தது. பெரும்பாலும் அவருடைய தோள். தனியாக இருந்தது அடையாள அட்டைக்காக எடுத்த படம் மட்டும்தான். சாவுக்குப் பெரிதாக்கி மாலை போட்டதும் அதைத்தான். தாரகா தயங்கினாள். முகம் தெளிவாகத் தெரிகிறதே, போதும் லா என்று அவர் கொடுத்துவிட்டார்.

தோட்டம் மறுபடி திறந்தபோது ஈழத்தலரி மரம் பூத்திருந்தது. அதன் அடியில் பச்சைப் புடவையில், கையில் பையோடு, இராசமலர் முகம் காட்டி நின்றார். சிவசுப்பிரமணியம் வேகமாக நடந்துபோய் எதிரே நின்றார். அடையாள அட்டை அலுவலகத்தில் அசையாதீர்கள் என்று யாரோ சொன்னபோது வைத்திருந்த முகம் அது. உதடு மூடியிருந்தது. கண்கள் அவருடைய தலைக்குச் சற்று மேலே, அங்கே இல்லாத ஒரு கேமராவைப் பார்த்தன. அவர் குதிகாலை உயர்த்தி நின்றார். கல் இருக்கையில் ஏறியும் நின்றார். பார்வை அதே அளவு மேலே போயிற்று. மரத்தைச் சுற்றிவந்தார். எந்தப் பக்கம் போனாலும் முகம்தான், எந்தப் பக்கமும் அது அவரைப் பார்க்கவில்லை. முதுகாக நின்ற காலத்தில் இதோ திரும்பப்போகிறாள் என்று ஒவ்வொரு ஞாயிறும் நம்ப முடிந்தது. இப்போது திரும்பிவிட்டாள். இனி நம்புவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. பையின் ஒரு காது பிடிப்பாரில்லாமல் தொங்கியது. அவர் போய் மூன்று விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டார்.

அன்று அவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் தாரகா வங்கி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தேடி வந்தாள். கட்டம்போட்ட சட்டையில் அப்பாவின் முதுகு தெரிந்தது. "அப்பா, வீட்டுக்குப் போலாம் வாங்க" என்றாள். முகத்தைப் பார்க்க முன்பக்கம் போனாள். முன்பக்கமும் முதுகாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தாள், பிறகு கல் இருக்கையில் உட்கார்ந்து அழுதாள். காவலர் ஒருவர் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். புதிய படத்தில் இல்லாத ஆள் என்பதால் இதைக் குறையாகக் கொள்ளலாமா என்று நிர்வாகம் கேட்டது. அந்த விரல்கள் முதல் படத்திலேயே இருந்தவை என்று மயூரன் எழுதிக் கொடுத்தான். அத்தோடு முடிந்தது.

தோட்டக்காரர்கள் இப்போது இருவரையும் சுற்றி நீர் பாய்ச்சுகிறார்கள். கோப்பி மூன்று வெள்ளியாகிவிட்டது. தாரகா ஞாயிறுதோறும் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை அப்பாவின் காலருகே வைக்கிறாள். வாரச் செய்திகளை அந்த முதுகிடம் சொல்கிறாள். "ஆறிடும்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்க்கிறாள். ஆறும்வரை காத்திருந்து, அதையும் தானே குடித்துவிட்டு, ஏழு மணிப் பேருந்தில் வீடு திரும்புகிறாள்.