வெளிக்கிட்டு வந்த கை

பெற்றிசியா மாமி டொக்டரிடம் போவதென்றால் கலியாணத்துக்குப் போகிற மாதிரித்தான் வெளிக்கிடுவாள். கோயில் சீலை, பவுடர், அதோடு பார்மசியில் வாங்கிய ஸ்டீரொயிட் குளிசை இரண்டு. முதல்நாளே போட்டால் விடிய விரல் வீக்கம் வற்றிவிடும். வீங்கின கையோடு பெரிய மனிசருக்கு முன்னால் இருக்க வெட்கமாம். கீரி ஊரில் இப்படி வெட்கப்பட்டே முடமானவர்கள் நிறையப் பேர்.

முடக்குவாத ஆய்வுக்காகக் கொழும்பிலிருந்து வந்த டொக்டர், கோயில் மண்டபத்தில் மாமியின் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஆய்வில் சேர்த்தால் ஒரு வருசத்துக்குப் புது ஊசி சும்மா கிடைக்கும். கிடைக்காவிட்டால் மாமியின் நண்டுக் கொம்பனி வேலை போய்விடும். நண்டின் ஓட்டைப் பிளந்து சதை எடுக்க விரல் மடங்க வேண்டுமே.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க மாமியின் தமையன் மகள் ஜெஸ்லியா நின்றாள். அந்தக் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் ஆள். பட்டத்துக்குக் கிடைத்த உத்தியோகம், இங்கிலிசில் தலையாட்டுவது.

"ஆய்வில் சேர்க்க வீக்கம் போதாது" என்று சொல்லி, கொம்பனியில் கழித்துவிடும் நண்டைப்போல மாமியின் கையை மேசையில் விட்டார் டொக்டர். ஜெஸ்லியா குளிசைக் கதையைச் சொன்னாள். "இவர்கள் ஏன் இப்படி?" என்று தாதியைப் பார்த்துச் சிரித்தார். மூட்டெல்லாம் படித்து முடித்த மனிதர். ஒரு பொம்பிளை தன் கையை ஏன் ஒளிக்கிறாள் என்பதை மட்டும் யாரும் படிப்பிக்கவில்லை. அடுத்த கிழமை குளிசை போடாமல் வரட்டும் என்றார்.

"ஏன் மாமி, அவர் என்ன உங்களைப் பொம்பிளை பாக்கவோ வந்தவர்?" என்று வழியில் வெடித்தாள் ஜெஸ்லியா.

"உன்ர வாய்க்கு உன்னை ஒருத்தரும் பாக்க வரமாட்டினம், போடி."

அடுத்த கிழமை ஜெஸ்லியாதான் மாமிக்குச் சீலை உடுத்திவிட்டாள். விரல்கள் ஊதி மினுங்கின. கண்டதும் டொக்டரின் முகம் மாப்பிள்ளை முகமாய் மலர்ந்தது. "அருமையான கை" என்று கூட வந்த மாணவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வீக்கம் மட்டும் போதாதாம், நோவும் வேண்டுமாம். ஒவ்வொரு மூட்டாக அழுத்தி, நோகுதா என்று கேட்கச் சொன்னார். மாமிக்குக் கண்ணீர் முட்டியது. ஆனாலும் சிரித்தாள்.

"இல்லை சேர், பரவாயில்லை."

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ."

"அந்தாள் எங்களுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்குது, பிள்ளை. நோகுதெண்டு சொன்னால் மனம் கஸ்ரப்படாதோ?"

"என்ன சொல்கிறார்?" டொக்டர் பேனையோடு காத்திருந்தார்.

நோயாளி சொல்வதை அப்படியே சொல்வேன் என்று ஜெஸ்லியா கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"தாங்க முடியாமல் நோகுதாம்" என்றாள் இங்கிலிசில்.

அடுத்த மூட்டுக்கும் மாமி இல்லையென்றாள், ஜெஸ்லியா ஓமென்றாள். கடைசி விரல் வரை அதே கூத்து. டொக்டர் குனிந்து எழுதிக்கொண்டே போனார். ஒருக்கால் நிமிர்ந்து மாமியின் கண்ணைப் பார்த்திருந்தால் மொழிபெயர்க்க ஆளே தேவைப்பட்டிருக்காது.

சேர்த்துக்கொண்டார்கள்.

மண்டப வாசலில் மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பாத்தியே, மரியாதையாக் கதைச்சபடியாத்தான் எடுத்தவர். நீயும் கொஞ்சம் பழகு" என்றாள்.