பன்னிரண்டு இடது கைகள்

காலை ஆறு மணிக்கெல்லாம் தட்டாஞ்சாவடி தகரப் பட்டறையில் பிரஸ் மிஷின்கள் இடிக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு இடிக்கும் தரை அதிர்ந்து, அந்த அதிர்வு பல்வரை ஏறும். ராஜாம்பாள் இடது கையால் தகட்டைத் தள்ளினாள், வலது கையால் பட்டனை அழுத்தினாள், வெட்டுப்பட்டு விழுந்த மூடியை எடுத்துப் போட்டாள். எண்ணெயும் வேர்வையும் கலந்து முழங்கையில் வழிந்தது. பக்கத்து மிஷின் பத்து நாளாகச் சும்மா கிடந்தது. அதில்தான் அஞ்சலாட்சியின் இரண்டு விரல்கள் போயின.

அந்தப் பத்து நாளில் முதலாளி செல்வகுமார் செய்த ஒரே காரியம், லினெட் என்ற மனநல ஆலோசகரைக் கூட்டி வந்ததுதான். பயம் உடம்பில் தங்கிவிடுமாம். உடம்பு வழியாகவே அதை இறக்க வேண்டுமாம். டீ குடிக்க ஐந்து நிமிஷம் தராத மனுஷன் பாய் விரித்துப் படுக்கச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வாயே திறப்பதில்லை என்று ராஜாம்பாள் முடிவு கட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு பெண்களும் ஸ்டோர் ரூமில் கண்ணை மூடிப் படுத்தார்கள்.

"மூச்சைக் கவனிங்க. உடம்பு என்ன செய்யப் பாக்குதோ, தடுக்காதீங்க," என்றாள் லினெட்.

வெளியே பெரிய பிரஸ் இடித்தது. ராஜாம்பாளின் இடது கை தானாகத் துள்ளி மார்போடு ஒட்டிக்கொண்டது. வெட்கத்துடன் கண்ணைத் திறந்து பார்த்தால், அத்தனை பேரின் இடது கையும் மார்பில்தான் இருந்தது.

"ஏன் எல்லாருக்கும் இடது கை?" என்று கேட்டாள் லினெட்.

லினெட்டின் மடியிலிருந்த படிவங்களையே ராஜாம்பாள் பார்த்தாள்.

"அந்தப் பேப்பரு யாருக்குப் போவுது மேடம்?"

லினெட் தயங்கினாள். "ஆபீசுக்கு. அஞ்சலாட்சிக்கு முன்னாடியே மன அழுத்தம் இருந்துச்சான்னு உங்களக் கேட்டு எழுதச் சொன்னாங்க."

ராஜாம்பாள் பாயை விட்டு எழுந்தாள். விரலையும் வாங்கிக்கொண்டு பழியையும் அவள் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள்!

"ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அழுத்தினாத்தான் மிஷினு எறங்கணும். வேலை வேகமா ஓடணும்னு இடது பட்டன அழுத்தினபடியே சைக்கிள் டியூப்பால இறுக்கிக் கட்டி வெச்சிருக்காங்க. அதான் இடது கை உள்ள போவுது. எழுதுங்க இத!"

லினெட் வாசலைப் பார்த்தாள். செல்வகுமார் நின்றிருந்தார்.

"ட்ரீட்மெண்ட்டுக்குக் கூப்பிட்டா யூனியன் பேசறீங்களா?"

"டியூப்ப அவுத்துடுங்க சார். எங்களுக்கு அதான் ட்ரீட்மெண்ட்டு," என்றாள் ஹாஜிரா.

"அவுத்தா பாதி வேலை நடக்காது. அவ கவனமில்லாம கை வெச்சா நான் பொறுப்பா? இஷ்டமில்லாதவங்க நாளைலேருந்து வர வேணாம்."

ராஜாம்பாள் ஒரு படிவத்தை எடுத்துப் பின்பக்கத்தில் டியூப் சங்கதியை எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. வேலை போனால் வீடு என்னாவது என்ற பயம்தான். ஆனாலும் மேலே கொஞ்சம் இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஹாஜிரா போட்டாள், சின்னப்பாப்பா போட்டாள், ஒருத்தி பாக்கியில்லை.

"நானும் போடறேன்," என்றாள் லினெட்.

ராஜாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல்ல மத்த பேப்பரக் கிழிங்க."

லினெட் கிழித்தாள். ராஜாம்பாளுக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் பேனாவைக் கொடுத்தாள்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க அத?" செல்வகுமாரின் குரல் உயர்ந்தது.

"நெல்லித்தோப்புக்கு, அஞ்சலாட்சி வீட்டுக்கு. மேல இருக்கற எடம் அவ கையெழுத்துக்கு. அங்கேருந்து லேபர் ஆபீசுக்கு."

"கேட்டத் தாண்டினா ஒருத்தியும் உள்ள வர முடியாது!"

"வருவோம் சார்," என்றாள் ராஜாம்பாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "அஞ்சலாட்சியையும் கூட்டிட்டுத்தான் வருவோம்."