விரல் நீளச் சிவப்பு ஒயர்

நாற்பது வருடத்தில் நான் இழுத்த ஒயரையெல்லாம் முடிந்து நீட்டினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். மிச்சத்தில் தெரு முழுக்கத் துணி காயக் கொடி கட்டலாம். ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் பொய் சொல்லமாட்டான், கொஞ்சம் இழுத்துச் சொல்வான். ஆனால் என் மாப்பிள்ளையின் பட்டறையை மூடவைத்த ஒயர் ஒரு விரல் நீளம்தான். அதை இழுத்துச் சொல்ல வழியில்லை.

மாப்பிள்ளை இரும்புத் தகடு வெட்டுகிற பழைய பிளாஸ்மா மெஷின் ஒன்றை வாங்கிப்போட்டு, வேலை வராமல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கம்பெனி கட்டை விரல் தடிமனில் ஒரே ஒரு தகட்டை அனுப்பியது. அதில் வளையங்கள் சரியாக வெட்டிக் கொடுத்தால் வருடம் முழுக்க வேலை. கெடுத்தால் இன்னொரு தகடு கிடையாது.

"ஒயரிங் உங்க பொறுப்பு மாமா," என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விஷயம் இவ்வளவுதான். நெருப்பைக் கக்கி வெட்டுவது டார்ச். அந்த நெருப்பு தகட்டைப் பற்றியதும் 'பிடித்துவிட்டது' என்று கம்ப்யூட்டருக்கு ஒரு சிக்னல் போகவேண்டும். அதன்பிறகு டார்ச், நாம் குறித்துவைத்த நேரத்தை மெஷின் எண்ணி முடிக்கும்வரை, நின்ற இடத்திலேயே நின்று தகட்டைத் துளைக்கும். துளை விழுந்த பிறகுதான் நகரும். சிக்னல் வராவிட்டால், முறையாக அழைக்காமல் அசையாத என் சம்பந்தி மாதிரி மெஷினும் அசையாது.

நெருப்பில்லாமல் சும்மா ஓட்டிப்பார்க்க பேனல் பெட்டிக்குள் அந்தச் சிக்னல் வருகிற இரண்டு முனைகளையும் ஒரு துண்டுச் சிவப்பு ஒயரால் இணைத்தேன். 'பிடித்துவிட்டது' என்று மெஷினுக்கு ஒரு பொய். எல்லா எலக்ட்ரீஷியனும் சொல்வதுதான், முடிந்ததும் கழற்றிவிடுவோம். அன்று மகள் டீ கொண்டுவந்தாள். செத்துக்கிடந்த ஒரு முழு ஆலையை ஒற்றை ஸ்க்ரூடிரைவரால் நான் எழுப்பி உட்காரவைத்த கதையை ஆரம்பித்தேன். கதை முடிந்தபோது பேனல் கதவு மூடியிருந்தது. மூடியவன் நான்தான்.

மெல்லிய தகட்டில் வெட்டிப்பார்த்தோம். நெருப்பு பட்டதுமே ஓட்டை விழுந்துவிடுகிற தகடு. ஒரு குறையும் தெரியவில்லை. "மாமா கைன்னா கைதான்," என்றார் மாப்பிள்ளை. நான் அடக்கமாக இருப்பதுபோல் நடித்தேன்.

மறுநாள் காலை தடித்த தகட்டை ஏற்றினோம். நெருப்பு பிடிப்பதற்கு முன்பே மெஷின் நேரத்தை எண்ணத் தொடங்கிவிட்டது. பாதித் துளையிலேயே டார்ச் நகர்ந்தது. கீழே போக வழியில்லாத இரும்புக் குழம்பு மேலே பீறிட்டது. மாப்பிள்ளை பாய்ந்து நிறுத்துவதற்குள் தகட்டின் நடுவில் உழுத சால் மாதிரி ஒரு கோடு. டார்ச்சின் முனை உருகித் தொங்கியது.

"துளைக்கிற நேரத்தைக் கம்மியா வச்சுட்டேன் போல," என்றார் அவர்.

எனக்குப் புரிந்துவிட்டது. தூக்கத்தில்கூட மூடாத என் வாய் மூடிக்கொண்டது.

அவர் பேனலைத் திறந்தார். இரண்டு முனைகளுக்கும் நடுவே அந்தச் சிவப்பு ஒயர் அப்படியே இருந்தது. என் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தத் துண்டைக் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

மகள் ஓடிவந்தாள். "என்னங்க ஆச்சு?"

"பழைய மெஷின். என் கணக்கும் தப்பு."

லாரி வந்து தகட்டை எடுத்துப்போனது. அடுத்த மாதம் மெஷினும் போனது. இப்போது மாப்பிள்ளை வேறொருவர் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறார்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம், "அன்னிக்குப் பட்டறையில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்பா," என்றாள். "அவர் சட்டைப்பையக் காலி பண்ணி ஊறவைக்கிறது நான்தானே. அன்னிக்கு அதுல அந்தத் துண்டு இருந்துது. பட்டறையில சிவப்பு ஒயர் யார்கிட்ட இருக்கும்?"

"ஏம்மா கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். உலகத்துல இருக்கிற கதையெல்லாம் சொல்றீங்களே."

ஷிப்டு முடிந்து மாப்பிள்ளை உள்ளே வந்தார். சோர்ந்த முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "என்ன மாமா, புதுக் கதையா?" என்றார்.

மகள் மடித்த சட்டையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை," என்றேன்.